பழைய குரலை நீக்கும் திட்டம்

என் திட்டத்துக்கு ஒருவர்கூட மறுப்பு சொல்லவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் வேலை லினக்ஸ் வெளியீடுகளைத் தயாரிப்பது. கணினியை ஓட்டும் மென்பொருளையும் அதோடு வேண்டிய மற்றவற்றையும் சேர்த்துக் கட்டி, யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளும்படி கொடுக்கிறோம். பள்ளிகளில், நூலகங்களில், நீதிமன்ற அலுவலகங்களில் எங்களுடையது ஓடுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் என்னென்ன மாறப்போகிறது என்று திட்டமிடுவோம். மாற்றம் கேட்பவர் ஒரு பக்கம் எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். எது மாறுகிறது, ஏன், யாருக்கு என்ன உடையும், தவறினால் எப்படித் திரும்புவது. கெடு முடியும்வரை யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். ஓட்டெடுப்பு கிடையாது.

சாதாரணமாக எதுவும் அப்படிச் சத்தமில்லாமல் போகாது. முகப்புத் திரைக்கு எந்த நீலம் என்பதற்கே வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டவர்கள் நாங்கள். ஒருவர் கோபத்தில் நீலமே வேண்டாம் என்று ஒரு பூசணிக்காய்ப் படத்தை அனுப்பினார். அதற்கும் ஆதரவு இருந்தது.

என் மாற்றம் இது. பார்வையில்லாதவர்களுக்காகத் திரையிலிருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் நிரல் ஒன்று எங்கள் வெளியீட்டில் உண்டு. அது எங்கள் மொழியில் பேசும் குரல் மிகப் பழையது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டினால் வருகிற சத்தம். அதை எழுதியவர் எப்போதோ விலகிவிட்டார். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. அதை அடியோடு எடுத்துவிட்டு, மனிதரைப் போலவே பேசும் புதிய குரலை வைக்கலாம் என்று எழுதினேன். 'யாருக்கு என்ன உடையும்' என்ற இடத்தில் 'யாருக்கும் எதுவும் இல்லை' என்று போட்டேன்.

புதிய குரலைக் கட்டியவன் நான். குரல் என் மனைவியுடையது.

அவள் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிந்தவர்களை அதட்டி நடக்கவைப்பவள். அவளுடைய அண்ணனுக்குப் பார்வை இல்லை. "அண்ணனுக்குக் காலம் பூரா தகர டப்பாதானா?" என்று ஒருநாள் கேட்டாள். மறுவாரம் துணி அலமாரிக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குளிர்கோட்டுகளுக்கு நடுவில் எதிரொலி வராது. குரல் செய்வதற்கு அர்த்தமில்லாத வாக்கியங்கள் ஏராளமாகப் படிக்க வேண்டும். 'மாடியிலிருந்து ஒரு குடை தானாக இறங்கி வந்தது.' சிரித்துவிடுவாள். மறுபடி படிப்பாள். பதிவு முழுவதும் முடிந்தது.

பிறகு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் சாப்பிட்டேன், தூங்கினேன், விசாரித்தவர்களிடம் பரவாயில்லை என்றேன். மீதி நேரம் குரலைக் கட்டினேன். நன்றாக வந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்தேன். மகள் குரல் வானிலைச் செய்தியைப் படித்தது. அத்தை எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அடுப்பில் எதுவும் இல்லை. மறுபடி அவர் கேட்கவில்லை.

பள்ளிகளில், நூலகங்களில், எனக்குத் தெரியாத மேஜைகளில் அவள் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மச்சான் அவளுடைய அண்ணன். பிறவியிலேயே பார்வை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் இந்த வீட்டில் இருந்தார்கள். நடுவில் நான் வந்து சேர்ந்தேன். இப்போது அவனும் நானும் மிச்சம்.

நீதிமன்றப் பதிவு அலுவலகத்தில் அவனுக்கு வேலை. விசாரணையில் பேசியதை மற்றவர்கள் தட்டச்சு செய்வார்கள். இவன் சரிபார்ப்பான். ஒரு காதில் விசாரணையின் ஒலிப்பதிவு, மறு காதில் தட்டச்சு செய்ததைப் படிக்கும் தகர டப்பா. இரண்டையும் தலைதெறிக்கும் வேகத்தில் ஓடவிடுவான். பக்கத்தில் நிற்பவருக்குக் சில்வண்டு கத்துவது போலிருக்கும். அன்றைய பக்கங்கள் அன்று மாலைக்குள் முடிய வேண்டும். முடிக்காதவர்களைத் தொலைபேசி மேஜைக்கு மாற்றிவிடுவார்கள். வருகிறவர்களுக்கு எந்த மாடி, எந்த அறை என்று சொல்லும் வேலை. அப்படிப் போன ஒருவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அந்த அலுவலகத்தில் ஓடுவதும் எங்கள் வெளியீடுதான். அங்கே யாரும் எதையும் தாங்களாக நிறுவ முடியாது. நாங்கள் பெட்டியில் வைப்பதுதான் அவர்கள் மேஜையில் இருக்கும்.

சனிக்கிழமை காலை, சோதனைக்காக நிறுவிய மடிக்கணினியை அவன் முன்னால் வைத்தேன். அவன் ரொட்டியைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டான்.

"இது எப்ப வருது?"

"அடுத்த வெளியீட்டுல. திட்டம் பாஸ் ஆயிடுச்சு. செவ்வாய்க்கிழமை கூட்டத்துல வாசிச்சு முடிச்சுட்டா அவ்வளவுதான்."

"பழசு?"

"போயிடும்."

அவன் ஒரு பழைய விசாரணைப் பக்கத்தைத் திறந்து கேட்டான். அவள் குரல் வந்தது. சாட்சி, குறுக்கு விசாரணை, நீல நிற வண்டி. நிதானமாக, அழகாகப் படித்தாள். அவன் முகம் அசையவில்லை. பிறகு வேகத்தை ஏற்றினான். மேலும் ஏற்றினான். அவன் வழக்கமாகக் கேட்கும் இடத்துக்குப் பாதி வழியிலேயே சொற்கள் ஒன்றோடொன்று குழைந்து கஞ்சியாகிவிட்டன.

"ஓடுதா?" என்றேன்.

"நடக்குதுன்னு சொல்லலாம். ஊன்றுகோல் வச்சுக்கிட்டு."

கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டி வரிவரியாக இறங்கினான். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கணம் மௌனம், பிறகு குரல்.

"இது என்ன, கேட்டா யோசிச்சு பதில் சொல்லுது?"

"குரலை அப்பப்ப தயார் பண்ணுது. கொஞ்சம் நேரமாகும். குறைச்சிடலாம்."

"அப்புறம் இந்த 'ஹ்' சத்தம்?"

அதை நான் வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தேன். "மூச்சு. இயல்பா இருக்கட்டும்னு எடுக்கல."

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மூச்சு விடுறா, மாப்ள. ஒரு நாளைக்கு எத்தனை வரின்னு நினைக்கிற? அத்தனையும் கேட்க எனக்கு நேரமில்ல."

"எடுத்துடறேன்."

"எடு. நீ கெட்டிக்காரன், எடுத்துடுவ. ஆனா செவ்வாய்க்கிழமைக்குள்ள என் வேகத்துக்குக் கொண்டுவந்துடுவியா?"

என் வேலை எனக்குத் தெரியும். அன்று முழுவதும் உட்கார்ந்தேன். மூச்சை நீக்கினேன். தாமதத்தைக் குறைத்தேன். நன்றாகவே குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மீண்டும் அவனிடம் கொடுத்தேன். அவன் ஒரு பக்கத்தைச் சரிபார்த்தான். பிறகு அதே அளவுள்ள வேறொரு பக்கத்தைத் தகர டப்பாவில் சரிபார்த்தான். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. முதல் பக்கம் முடிவதற்குள் நான் காபி போட்டுக் குடித்துக் கோப்பையைக் கழுவிவிட்டேன். இரண்டாவது முடிந்தபோது நான் அடுத்து ஊற்றிய காபி ஆறக்கூட இல்லை.

"அடுத்த வருஷம் இது என் வேகத்துக்கு வரும்," என்றேன். அது பொய்யில்லை. வரும்.

"அடுத்த வருஷம் நான் டெலிபோன் மேஜையில 'ரெண்டாவது மாடி, இடது பக்கம்'னு சொல்லிக்கிட்டிருப்பேன். நான் போனதே இல்லாத மாடிக்கு வழி சொல்லணும். நல்ல காமெடி."

"முன்னாடியே ஏன் சொல்லல? பக்கம் பொதுவுலதான இருந்துது. மறுப்பு எழுதியிருக்கலாமே?"

"எழுத உட்கார்ந்தேன். 'என் தங்கச்சி குரல் வேணாம்'னு எழுதணும். நீ எழுதிப் பாரு, தெரியும். நான் வீட்டு ஆளு, என்னை விடு. உங்க ஆளுங்க? நீலத்துக்கு அடிச்சுக்கிட்டவங்க இதுக்கு ஒரு வார்த்தை பேசலன்னா உனக்குச் சந்தேகமே வரலியா?"

"வேலை சுத்தமா இருந்துது. அதான்."

"உன் மூஞ்சிக்காக விட்டுட்டாங்க, மாப்ள."

திங்கட்கிழமை நேராகப் பூதக்கண்ணாடியின் மேஜைக்குப் போனேன். அவர் எங்கள் சோதனையாளர். எதிலும் குறை கண்டுபிடிப்பார், அதனால் அந்தப் பெயர். கேன்டீன் காபி இயந்திரத்தின் மீதே நான்கு புகார்கள் எழுதி ஒட்டியவர்.

"என் குரலை சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன்."

"எப்படி இருந்துது?"

அவர் விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ரொட்டித் துணுக்குகள் விழுந்தன. "இனிமையா இருந்துது."

"அது விமர்சனம். நான் கேட்டது சோதனை."

"தாமதம் இருக்கு. வேகம் ஏத்தினா கலங்குது. எல்லாம் எழுதி வச்சேன்."

"எனக்கு வரலியே?"

"அனுப்பல."

"ஏன்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்படி அனுப்பச் சொல்றீங்க? 'உங்க வீட்டம்மா குரல்ல பிழை இருக்கு'ன்னு தலைப்பு போட்டா?"

அவர் மட்டுமல்ல என்பது அப்போதே தெரிந்துவிட்டது. காலையில் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தவர்கள், நான் வந்ததும் சிரிப்பை நிறுத்தியவர்கள், எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். யாருக்கும் என்மேல் கோபமில்லை. அதுதான் சிக்கல்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாங்க," என்றேன். "ஒரு வரி விடாம."

கூட்ட அறையின் ஜன்னலுக்கு வெளியே பேருந்துகளைக் கழுவும் இடம். தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நீள மேஜையைச் சுற்றி நாங்கள். வெளியூர்க்காரர்கள் மேஜை நடுவிலிருந்த ஸ்பீக்கரில். தலைமையில் எங்கள் வெளியீட்டு மேலாளர். அவரை ஹெட்மிஸ்ட்ரஸ் என்போம். முன்னால் வைத்துக்கூடச் சொல்வோம், அவருக்குப் பிடிக்கும்.

திட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கோப்புகளைச் சுருக்கும் முறை மாறுகிறது. சண்டை. பழைய அச்சுப்பொறிகளுக்கான ஆதரவு நிற்கிறது. பெரிய சண்டை. ஸ்பீக்கரிலிருந்தவர் தன் பெரியப்பாவின் அச்சுப்பொறியைப் பற்றி உருகினார். பிறகு என் பக்கம் வந்தது.

"குரல் மாற்றம். மறுப்பு எதுவும் இல்ல. சம்மதம். அடுத்தது..."

"மறுப்பு இருக்கு," என்றேன்.

"யாரோடது?"

"என்னோடது."

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "தம்பி, இது நீங்க எழுதின பக்கம்."

"தெரியும். யாருக்கும் எதுவும் உடையாதுன்னு எழுதியிருக்கேன். தப்பு."

"அது எல்லாரும் வழக்கமா எழுதுறதுதானே," என்றது ஸ்பீக்கர். யாரும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடிக்கணினியைத் திறந்து மச்சானின் வேகத்தில் வைத்தேன். சனிக்கிழமை அவன் கேட்ட அதே நிலையில்தான், மூச்சை நீக்காமல்; இவர்கள் சோதித்ததும் அதைத்தான். அம்புக்குறியைத் தட்டினேன். ஹ். மௌனம். கஞ்சி. ஹ். மௌனம். கஞ்சி. பிறகு தகர டப்பாவுக்கு மாற்றினேன். தட்டத் தட்ட ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் தெறித்து விழுந்தது. அசிங்கமாக, பிசிறில்லாமல்.

"இதை வச்சு வேலை பாக்குறவங்க இந்த வேகத்துலதான் கேட்கறாங்க. நாம எல்லாரும் மெதுவா ஓடவிட்டு, அழகா இருக்கேன்னு தலையாட்டியிருக்கோம். நானும்தான். பழசை எடுத்தா என் மச்சானுக்கு வேலை போகும். அவன் ஒருத்தன்தான் எனக்குத் தெரியும். தெரியாதவங்க எத்தனை பேரோ."

வெளியே தண்ணீர் சத்தம்.

"என் மூஞ்சியைப் பாக்க வேணாம்," என்றேன். "இதை வேற எவனாவது எழுதியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்களோ அதைச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் சோதனைக் குறிப்பை வாசித்தார். நீளமாக இருந்தது. என் நினைவகப் பயன்பாடு, என் பிழைச் செய்திகள், ஒரு கோப்புக்கு நான் வைத்த பெயர், எதையும் விடவில்லை. கடைசியில் அவர் குரலில் உற்சாகமே வந்துவிட்டது. பாதிக்குமேல் நியாயம். மீதிக்கு நான் பதில் சொன்னேன். அவர் மறுத்தார். நான் மேஜையைத் தட்டினேன்.

அதற்குள் கருமி எழுந்துவிட்டார். நிறுவல் வட்டில் எவ்வளவு இடம் என்பதைக் காப்பவர் அவர். ஒரு எழுத்துருவைச் சேர்க்கக்கூட அவரிடம் கெஞ்ச வேண்டும்.

"இருங்கப்பா, இருங்க. பழசும் இருக்கணும், புதுசும் இருக்கணுமா? புதுசு எவ்வளவு பெருசு தெரியுமா? வட்டு என்ன, உங்க மாமனார் வீட்டுக் கிடங்கா, கண்டதையும் கொண்டாந்து போட?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது.

"மாமனார் வீட்டுல ஒரே ஒரு ரூம்தான்," என்றேன். "அதுலயும் ஒருத்தர் குறட்டை விடுறார்."

முதலில் சிரித்தது ஸ்பீக்கர். பிறகு எல்லோரும். கருமி உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் போனபின் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அந்தக் கிண்டல் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

அதன்பின் உண்மையான சண்டை நடந்தது. புதுசு வட்டுக்குள் வேண்டாம், விரும்புகிறவர்கள் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும் என்றார் கருமி. புதிதாக நிறுவுகிறவர் முதலில் கேட்பது தகர டப்பாவாக இருந்தால் பயந்து ஓடிவிடுவார் என்றது ஸ்பீக்கர். பயந்து ஓடுகிறவர் திரும்பி வரலாம், வேலை போனவர் வர மாட்டார் என்றார் பூதக்கண்ணாடி.

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"பழசு உள்ளே, புதுசு வெளியே. சரி. ஆனா பழசுக்கு யார் பொறுப்பு? உடைஞ்சா எழுந்து வர ஒரு ஆள் வேணும். பேர் இல்லாத எதையும் நான் உள்ளே விடமாட்டேன், உங்களுக்கே தெரியும்."

யாரும் தலை தூக்கவில்லை. அந்த நிரலை எல்லோரும் ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறோம். திறந்தவுடன் மூடியிருக்கிறோம்.

"நான்," என்றேன்.

"அந்தக் குப்பையையா?" என்றார் கருமி.

"அந்தக் குப்பையைத்தான்."

"அப்ப புதுசு?"

"அதுவும் நான்தான். அது மெதுவா வளரட்டும். அவசரமில்ல."

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதிக்கொண்டார். புதுசுக்கு அவசரமில்லை என்று என் வாயால் சொன்னபோது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாகத் தலைக்குள் வந்து நின்றன. நல்ல வேலைகள்.

பழைய நிரலுக்குள் இறங்கியபோது அது குப்பையில்லை என்று தெரிந்தது. எழுதியவர் சிக்கனக்காரர். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வைத்திருந்தார். அதனால்தான் அந்த வேகம். புதிய ஒலி அமைப்போடு அதைப் பொருத்தினேன். மச்சான் பின்னால் உட்கார்ந்து படுத்தி எடுத்தான். 'இந்த எழுத்து தேயுது', 'அந்த எண்ணை ரெண்டு தடவை சொல்லுது', 'முதலாளி, வேலை ஆகுதா இல்ல டீ குடிக்கப் போயிட்டீங்களா?' எல்லாவற்றையும் சரிசெய்தேன். வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அதையும் உயர்த்தினேன்.

சோதனை வெளியீட்டை முதலில் ஏற்றிப்பார்க்க நீதிமன்ற அலுவலகம் ஒரு கணினியைக் கொடுத்தது. மச்சானுடையது. ஏதாவது உடைந்தால் பக்கத்தில் இருக்கலாம் என்று நானும் போனேன். உயரமான ஜன்னல்கள், பச்சைத் திரைச்சீலை, அலமாரிகளில் நாடா கட்டிய கோப்புகள். மூலையில் தொலைபேசி மேஜை. அங்கிருந்தவர் யாருக்கோ ஐந்தாவது அறைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

கணினி எழுந்தது. மச்சான் ஹெட்போனை மாட்டினான். அம்புக்குறியில் விரல் வைத்தான். உடனே தெறித்தது. வேகத்தை ஏற்றினான். பழைய வரம்பைத் தாண்டியபோது அவன் புருவம் உயர்ந்தது. இன்னும் ஏற்றினான். நான் குனிந்து அவன் காதுக்கருகில் கேட்டேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவன் நிறுத்தினான், ஓர் எழுத்தைத் திருத்தினான், மறுபடி ஓடினான்.

மேற்பார்வையாளர் கோப்போடு வந்து நின்றார். "காலை விசாரணை எப்ப கிடைக்கும்?"

"அனுப்பிட்டேன் சார்."

"அதுக்குள்ளயா?" அவர் என்னைப் பார்த்தார். "இவர் யாரு?"

"கம்ப்யூட்டர்காரர். ரிப்பேர் பாக்க வந்திருக்கார். ஒண்ணும் உடையல, பாவம், சும்மா நிக்கிறார்."

அவர் போனதும் அடுத்த பக்கத்தைத் திறந்தான். நான் பையை எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மாப்ள."

"என்ன?"

"கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிற."